அச்சேறா வரலாறும் அளவை முறையும்

ஒரு பொருளை உண்மையென நிறுவுதற்குக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றளவைகளும் வேண்டப்படும் என்பது நம்மனோர் நன்கறிந்தது. சமய நூற்கேயன்றி வரலாற்று நூற்கும் இம்முறை இன்றியமையாதது. அமெரிக்க நாட்டுக் கையெழுத்து நூலொன்று இதற்குச் சான்றாக நிற்றலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1866-இல் தோன்றிய பிஸ்க் பல்கலைக் கழகத்தின் ஆவணச்சாலையில், 800 பக்கங்களுக்கு மேற்பட்ட அச்சேறா வரலாறொன்று பேணப்பட்டு வருகின்றது. ‘கறுப்பு மனிதனும் புண்பட்ட உலகும்’ என்பது அதன் பெயர்ப் பொருள். இயற்றியவர், 1888-இல் அக்கழகத்திற் பட்டம் பெற்ற டூ பாய்ஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞர். முதல் உலகப் போரில் அமெரிக்கக் கறுப்பினத்தார் ஏறத்தாழ 2,00,000 பேர் பிரான்சு சென்றனர். அவர்தம் வரலாறே நூற்பொருள்.

1918 ஜூலையில், தாம் நடத்திய ‘கிரைசிஸ்’ என்னும் திங்களிதழில், போர் முடியுமளவும் தங்குறைகளை மறந்து வெள்ளையரோடு ஒன்றி நிற்குமாறு அவர் தம்மினத்தார்க்கு அறிவுறுத்தினார். நாட்டிற்கு உதவினார்க்கு நாடு உரிமை நல்கும் என்பது அவர் கருதல். கருதல் பிழையாதாதற்கு ஏதுவும் துணிபொருளும் பிரிவின்றி உடனிகழ்தல் வேண்டும். புகைக்கும் நெருப்பிற்கும் உள்ள அத்தொடர்பு தொண்டிற்கும் உரிமைக்கும் அந்நாட்டில் இருந்ததின்று. 1919-இல் பல நகரங்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தாரைத் தாக்கின. போரினின்று மீண்ட வீரருங் கொல்லப்பட்டனர். இங்ஙனங் காட்சி கருதலை மறுத்தது.

இனி உரையளவை. 92-ஆம் டிவிஷனைச் சேர்ந்த கறுப்பின அதிகாரிகளை ஆண்மையிலரென வெள்ளை அதிகாரிகள் சிலர் இகழ்ந்தெழுதினர். பிரெஞ்சுப் படையோடு நின்று பொருத கறுப்பினத்தாரின் 369-ஆம் ரெஜிமெண்டிற்கோ பிரெஞ்சு அரசு வீரப்பதக்கம் நல்கிற்று. ஓரினத்தாரைப் பற்றியே தீர்ப்பு இங்ஙனம் வேறுபட்டமையின், சொல்வார் நெஞ்சத்து விருப்பு வெறுப்பை ஆராயாது அவர் சொல்லை அளவையாகக் கொள்ளலாகாதென்பது பெறப்படும். களம் நின்றார்க்கும் தம்மினப் பற்றுண்டன்றோ எனின், உண்டு. அதனாலன்றே டூ பாய்ஸ், 1918 டிசம்பரிற் பிரான்சு சென்று வீரரை நேரில் உசாவியதோடமையாது, படை ஆவணங்களையுந் தொகுத்தார். அவற்றுட் சிலவற்றை 1919 மே இதழில் வெளியிட்டார்.

நூல் முற்றுப்பெறாமைக்குக் காரணம் யாதோவெனின், பொருளுதவி வாய்க்காமை ஒன்று. 1924 ஜனவரியில் முதலதிகாரம் இதழில் வந்தது. பன்னாள் முயன்றும் எஞ்சியது நூலாகவில்லை. 1963-இல் ஆசிரியர் கானா நாட்டு அக்ராவிற் காலமாயினார். மற்றுமொரு காரணமுண்டென நாம் கருதுகின்றோம். போரினால் உரிமை விளையும் என்னுந் துணிபு காட்சியால் வீழ்ந்தபின், அத்துணிபின்மேல் எழுந்த நூலை முடித்தல் மெய்ம்மை விழைவார்க்கு அரிதாம்.

2023-இல் சாட் வில்லியம்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் இக்கையெழுத்தின் கதையை விரித்து நூலொன்று வெளியிட்டார். ஆகலின், முற்றுப்பெறாதது என்று எச்சுவடியையும் புறத்தொதுக்கற்க. ஆசிரியன் துணிபு தளர்ந்த இடத்தை முற்றிய நூல் மறைத்தலுங் கூடும். முற்றாச் சுவடி அதனை உள்ளவாறே காட்டும்.