மந்தமான செயலியும் வலிமைமிக்க வரைகலை அட்டையும்

கணிப்பொறியில் விளையாட்டுக்கள் தடைபட்டுத் தடைபட்டு ஓடுவதைக் கண்டவுடன், விலை மிகுந்த வரைகலை அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்துவதே பரிகாரம் எனப் பலர் எண்ணுகின்றனர். அட்டையை மாற்றிய பின்னும் வேகம் கூடாமற்போகும்பொழுது, அட்டை பழுதுடையது என்றோ, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றோ கருதிவிடுகின்றனர். உண்மையில் அட்டையிற் குற்றம் இல்லாதிருக்கலாம். அதற்கு வேலை கொடுக்கவேண்டிய செயலி பின்தங்குவதால், அது பெரும்பொழுதைக் காத்திருப்பதிலேயே கழிக்கின்றது.

எந்த உறுப்புத் தடையாக நிற்கின்றது என்பதைப் பணம் செலவிடுமுன் அறிந்துகொள்ள எளிய சோதனைகள் உள்ளன. மாணவர்களுக்கு யோசனை கூறவேண்டிய ஆசிரியர்களும், முப்பரிமாண நிலப்படங்களையும் செயற்கைக் காட்சிகளையும் கையாளும் களப்பணியாளர்களும் இவற்றின் அடிப்படையைத் தெரிந்துகொள்வது நலம்.

இரு உறுப்புக்களின் வேலைப் பங்கீடு

திரையில் நாம் காணும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வரும் தனித்தனிப் படங்களால் ஆனது. இப்படம் ஒவ்வொன்றையும் பிரேம் என்பர். ஒரு வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் 16.67 மில்லிவினாடி. 144 படங்கள் வேண்டுமானால் 6.94 மில்லிவினாடியே கிடைக்கும்.

ஒவ்வொரு படமும் இரண்டு நிலைகளில் உருவாகின்றது. முதல் நிலை செயலியினுடையது. ஆடுபவர் எந்த விசையை அழுத்தினார், பகைவர் எத்திசையில் நகர்ந்தார், எறிந்த பந்து எங்கே விழும், எந்தப் பொருள்கள் கண்ணுக்குத் தெரியும் என்பவற்றையெல்லாம் செயலி கணக்கிடுகின்றது. பின்னர், வரையவேண்டியவற்றின் பட்டியலை ஆணைகளாக அமைத்து அட்டைக்கு அனுப்புகின்றது. இரண்டாம் நிலை வரைகலை அட்டையினுடையது. அது அந்த ஆணைகளின்படி வடிவங்களை அமைத்து, திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுகின்றது.

ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட காலத்து அச்சகத்தை இதற்கு ஒப்பிடலாம். எழுத்துக் கோப்பவர் ஒரு பக்கத்தைக் கோத்துக் கொடுத்தாலன்றி அச்சு யந்திரம் அதனை அச்சிட இயலாது. யந்திரம் ஒரு பக்கத்தை அச்சிடும்பொழுதே அவர் அடுத்த பக்கத்தைக் கோக்கலாம். ஆகவே இருவர் வேலையும் ஒரே சமயத்தில் நடைபெறும். ஆயினும் ஒரு நாளில் முடியும் பக்கங்களின் எண்ணிக்கையை முடிவு செய்வது, இருவரில் மெதுவாக வேலை செய்பவரே. எழுத்துக் கோப்பவர் மெதுவானவராயின், எவ்வளவு விரைவான யந்திரத்தை வாங்கினாலும் பக்கங்கள் பெருகமாட்டா. தாளின் அளவு பெரிதாயின் யந்திரத்தின் வேலை கூடுமேயன்றி, எழுத்துக்களின் எண்ணிக்கை மாறாதவரை கோப்பவரின் வேலை கூடாது. இக்கடைசிக் குறிப்பு பின்னர்ச் சோதனைக்குப் பயன்படும்.

ஒரு கணக்கு

கற்பனையான எண்களைக் கொண்டு இதனைக் கரும்பலகையில் விளக்கலாம். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு படத்திற்குச் செயலி 20 மில்லிவினாடியும், அட்டை 8 மில்லிவினாடியும் எடுத்துக்கொள்கின்றன எனக் கொள்வோம். இரண்டு வேலைகளும் உடனிகழ்வதால், படத்தின் காலம் 28 அன்று. பெரியதாகிய 20 மில்லிவினாடியே. எனவே வினாடிக்கு 50 படங்கள் கிடைக்கும். அட்டை ஒவ்வொரு படத்திலும் 12 மில்லிவினாடி, அதாவது நூற்றுக்கு 60 பங்கு நேரம், வாளாவிருக்கும்.

இப்பொழுது இருமடங்கு விரைவுள்ள அட்டையைப் பொருத்துவோம். அட்டையின் காலம் 4 மில்லிவினாடியாகக் குறையும். ஆனால் செயலியின் காலம் 20 ஆகவே நிற்பதால், கிடைப்பவை முன்போல் 50 படங்களே. மாறியது ஒன்றுதான்: அட்டை முன்னர் நூற்றுக்கு 60 பங்கு வாளாவிருந்தது, இப்பொழுது 80 பங்கு வாளாவிருக்கின்றது. செலவழித்த பணம் முழுவதும் ஓய்வு நேரமாக மாறிவிட்டது.

அட்டையை மாற்றாமல், இருமடங்கு விரைவுள்ள செயலியைப் பொருத்தினால் நிலை வேறு. செயலி 10, அட்டை 8; பெரியது 10. வினாடிக்கு 100 படங்கள் கிடைக்கும்.

இதே கணிப்பொறியை 3840 × 2160 புள்ளிகள் கொண்ட பெரிய திரையுடன் இணைப்போம். புள்ளிகள் 20,73,600இலிருந்து 82,94,400 ஆக, அதாவது நான்கு மடங்காக, உயர்கின்றன. வரையும் காலமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் உயரும் எனக் கொண்டால், பழைய அட்டைக்கு 32 மில்லிவினாடி ஆகும். வினாடிக்கு 31 படங்களே கிடைக்கும். இப்பொழுது தடையாக நிற்பது அட்டை. புதிய அட்டையாயின் 16 மில்லிவினாடியில் வரைந்து முடித்துவிடும். செயலியின் 20 மில்லிவினாடி மீண்டும் எல்லையாகி, 50 படங்கள் கிடைக்கும். முன்னர் வீணாகிய அதே அட்டை இங்கே பயன் தருகின்றது.

ஆகவே ஒரு செயலியை இன்ன அட்டைக்குப் பொருந்தாதது என்று எக்காலத்துக்கும் முடிவு கட்டிவிடல் இயலாது. விளையாட்டு, திரையின் புள்ளிகள், விரும்பும் வேகம் ஆகியவற்றிற்கேற்பத் தடை இடம் மாறுகின்றது. இரு உறுப்புக்களின் பெயரை மட்டும் பெற்றுக்கொண்டு, தடை நூற்றுக்கு இத்தனை பங்கு என்று ஒரே எண்ணில் விடை கூறும் பட்டியல்களை நம்பலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

செயலியின் வேலையைப் பகிர்ந்தளிக்க இயலாதா?

இக்காலச் செயலிகளில் கோர் எனப்படும் கணக்கிடும் பகுதிகள் பல உள்ளன. வேலையை அவற்றுக்குப் பகிர்ந்து கொடுத்தால் போதாதோ என்று மாணவர் வினவக்கூடும். வரைகலை அட்டையைப் பொறுத்தவரை அது எளிது. ஒரு புள்ளியின் நிறம் பெரும்பாலும் அடுத்த புள்ளியின் நிறத்தை எதிர்பார்த்திருப்பதில்லை. ஆகவேதான், 2020இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3080 அட்டையில் 8704 சிறு கணக்கீட்டு அலகுகளை ஒரே வேளையில் வேலை வாங்க முடிகின்றது. செயலியின் வேலை அத்தகையதன்று. விசை அழுத்தியதை அறிந்த பின்னரே வீரனை நகர்த்தலாம். நகர்த்திய பின்னரே மோதலைக் கணக்கிடலாம். அதன் பின்னரே வரைய வேண்டியவற்றை முடிவு செய்யலாம்.

இதன் எல்லையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜீன் அம்டால் 1967இல் எடுத்துக்காட்டினார். நம் கணக்கில் 20 மில்லிவினாடியில் 12 பகிர இயலாதது, 8 பகிரத்தக்கது எனக் கொள்க. நான்கு கோர்கள் பகிர்ந்துகொண்டால் 8 என்பது 2 ஆகும்; மொத்தம் 14; வினாடிக்கு 71 படங்கள். கோர்களை எண்ணிலடங்காவாறு பெருக்கினாலும் 12 மில்லிவினாடிக்குக் கீழே போக இயலாது. 83 படங்களைத் தாண்டுதல் அரிது. எனவே விளையாட்டிற்குச் செயலி வாங்குவோர் கோர்களின் எண்ணிக்கையோடு, ஒவ்வொரு கோரின் விரைவையும் நோக்கவேண்டும்.

கடிகார வேகம் மட்டும் பார்த்தாலும் போதாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ் செயலியின் உச்ச வேகம் 4.7 ஜிகாஹெர்ட்ஸ்; மூன்றாம் படி இடைநினைவகம் 32 மெகாபைட். 2022இல் வெளிவந்த 5800எக்ஸ்3டி செயலியின் உச்ச வேகம் 4.5 ஜிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் இடைநினைவகம் 96 மெகாபைட். இரண்டிலும் கோர்கள் எட்டே. இருந்தும் பல விளையாட்டுக்களில் கடிகார வேகம் குறைந்த பிந்தியதே முந்துகின்றது. வேண்டிய தகவல் அருகிலேயே இருப்பதால், முதன்மை நினைவகத்திலிருந்து அது வரும்வரை கோர் காத்திருக்கும் நேரம் குறைகின்றது.

ஓர் உண்மை எடுத்துக்காட்டு

2020 ஆகஸ்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் என்னும் விமானப் பறப்புச் செயற்கைக் காட்சியைக் காண்க. காற்றின் ஓட்டம், விமானத்தின் கருவிகள், போக்குவரத்து, பரந்த நிலக்காட்சி ஆகியவற்றைக் கணக்கிடும் சுமை பெரிதும் ஒரே முதன்மை வேலைத்தொடரின்மீது விழுகின்றது. பெரு நகரங்களின் மேலும் நெரிசல் மிக்க விமான நிலையங்களிலும் இச்சுமை மிகும். அதன் வளர்ச்சியாளர் பகுதியைத் திறந்தால், அவ்வேளையில் எல்லையாக நிற்பது மெயின்திரெட் எனப்படும் முதன்மைத் தொடரா, அட்டையா என்பதைத் திரையே காட்டும். நகரத்தின் மேல் ஒன்றும், கடலின் மேல் மற்றொன்றுமாக இக்குறிப்பு மாறக்கூடும். தடை இடம் மாறும் என்ற உண்மைக்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

மென்பொருள் அமைப்போரும் செயலியின் சுமையைக் குறைக்க முயன்றுவந்துள்ளனர். 1999இல் வந்த ஜிபோர்ஸ் 256 அட்டை, வடிவங்களை இடமாற்றி ஒளியூட்டும் கணக்குகளைச் செயலியிடமிருந்து தானே ஏற்றுக்கொண்டது. 2015இல் வந்த டைரக்ட்3டி 12, 2016இல் வந்த வல்கன் ஆகியவை, வரையும் ஆணைகளை அனுப்பும் செலவைக் குறைத்து, அவ்வேலையைப் பல கோர்கள் பகிர்ந்துகொள்ள வழி செய்தன. 2022 முதல் சில அட்டைகள் இரு படங்களுக்கிடையே தாமே ஒரு படத்தை உண்டாக்கிச் செருகுகின்றன. இதனால் காட்சி வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும். ஆனால் செருகிய படத்தில் செயலியின் புதிய கணக்கு இல்லையாதலால், விசை அழுத்தியதற்கு விளையாட்டு விடையிறுக்கும் வேகம் கூடுவதில்லை.

சோதித்து அறியும் முறை

1. விளையாட்டின் ஒரே காட்சியைத் தெரிந்துகொண்டு, வினாடிக்குக் கிடைக்கும் படங்களைக் குறித்துக்கொள்க.

2. திரையின் புள்ளிகளை 1920 × 1080இலிருந்து 1280 × 720 ஆகக் குறைத்து, அதே காட்சியை மீண்டும் நடத்துக. அட்டையின் சுமை பாதிக்கும் கீழே குறைகின்றது; செயலியின் சுமை ஏறத்தாழ மாறுவதில்லை.

3. படங்களின் எண்ணிக்கை நன்கு உயர்ந்தால் தடையாக இருந்தது அட்டை. சிறிதும் உயராவிடில் தடை பெரும்பாலும் செயலியே.

சோதனைக்குமுன் சில எச்சரிக்கைகள் தேவை. திரையோடு இசைந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையும், படங்களுக்கு உச்சவரம்பு விதிக்கும் ஏற்பாட்டையும் நிறுத்திவைக்கவேண்டும். இல்லையேல், வரம்பினால் வந்த ஓய்வைச் செயலியின் மந்தம் எனத் தவறாக எண்ண நேரும். மடிக்கணினியாயின் மின்னிணைப்புடனேயே சோதிக்கவேண்டும். வெப்பம் மிகுந்தால் அதன் வேகம் தானே தணியும்.

செயலியின் மொத்த உழைப்பைக் காட்டும் எண்ணைக் கண்டு ஏமாறலாகாது. எட்டுக் கோர்களில் ஒன்று மட்டும் முழுமூச்சாக உழைத்து, ஏனைய ஏழும் ஓய்ந்திருந்தால், மொத்தம் நூற்றுக்கு 12.5 என்றே காட்டும். சராசரியும் முழு உண்மையைக் கூறாது. 99 படங்கள் 10 மில்லிவினாடி வீதமும், ஒரு படம் மட்டும் 110 மில்லிவினாடியும் எடுத்தால், சராசரி வினாடிக்கு 91 படங்கள். எண் அழகானது, ஆயினும் அந்த ஒரு தடங்கலைக் கண் உடனே உணரும். செயலி தடையாக உள்ள கணிப்பொறிகளில் இத்தகைய திடீர்த் தடங்கல்கள் மிகுதியாகக் காணப்படும்.

பரிகாரங்கள்

செயலியே தடை எனத் தெரிந்தால், செலவில்லாத பரிகாரங்களை முதலிற் கைக்கொள்க. மக்கள் கூட்டம், போக்குவரத்து, தொலைவிலுள்ள பொருள்களின் எண்ணிக்கை ஆகிய அமைப்புக்களைக் குறைத்தால் செயலியின் பாரம் குறையும். பின்னணியில் ஓடும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்துக. ஓய்ந்திருக்கும் அட்டையின் ஆற்றலைப் பயன்படுத்தி, திரையின் புள்ளிகளையும் நிறத்தீட்டின் தரத்தையும் உயர்த்தலாம்; வேகம் குறையாமலே காட்சி அழகுபெறும்.

அடுத்து, நினைவகத்தை நோக்குக. ஒரே ஒரு நினைவகத் துண்டு மட்டும் பொருத்தப்பட்டிருந்தால், தகவல் வரும் பாதை பாதியாகச் சுருங்கும். இணையான மற்றொன்றைச் சேர்ப்பது குறைந்த செலவில் பயனளிக்கலாம். இவற்றால் தீராவிடில் மட்டுமே செயலியை மாற்றுவது தகும். பழைய தாய்ப்பலகை புதிய செயலியை ஏற்குமா என்பதை முன்னதாக அறிதல் வேண்டும். ஏற்காவிடில் பலகை, நினைவகம் ஆகியவற்றின் விலையும் சேரும்.

பள்ளிக்கோ அலுவலகத்திற்கோ பல கணிப்பொறிகளை ஒருங்கே வாங்கும்பொழுது இவ்வறிவு இன்னும் முக்கியமாகின்றது. ஒரு பொறியில் நேர்ந்த தவறு அத்தனை பொறிகளாலும் பெருக்கப்படும். முதலில் ஒரு பொறியைக் கொண்டு, நடைமுறையில் பயன்படுத்தப்போகும் மென்பொருளையே ஓட்டிச் சோதித்து, எந்த உறுப்புக் காத்திருக்கின்றது என்று கண்டபின் வாங்குவதே முறை. காத்திருக்கும் உறுப்பிற்குச் செலவிடும் பணம் காத்திருப்பையே வளர்க்கும். காக்கவைக்கும் உறுப்பிற்குச் செலவிடும் பணமே வேகத்தை வளர்க்கும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு படத்திற்குச் செயலி 12 மில்லிவினாடியும் அட்டை 18 மில்லிவினாடியும் எடுக்கின்றன. வினாடிக்குக் கிடைக்கும் படங்கள் எத்தனை? அட்டையின் விரைவை இருமடங்காக்கினால் படங்களும் இருமடங்காகுமா? (விடை: ஏறத்தாழ 56, ஆகா, ஏறத்தாழ 83 மட்டுமே.)

2. புள்ளிகளைக் குறைத்தும் படங்களின் எண்ணிக்கை சரியாக 60இலேயே நிற்கின்றது. செயலியைக் குறைகூறுமுன் எதனைச் சரிபார்க்கவேண்டும்?

3. செயலியின் மொத்த உழைப்பு நூற்றுக்கு 20 எனக் காட்டியபோதும், அதுவே தடையாக இருத்தல் எவ்வாறு கூடும்?