பழவேற்காட்டுக் கூழும் கினோவாவும்

பெரு, பொலிவியா ஆகிய இரு நாடுகளின் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் அமைந்தது டிடிகாக்கா ஏரி. அதனைச் சூழ்ந்த மேட்டுநிலத்து மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக விளைவித்து உண்டுவரும் சிறுமணியே கினோவா ஆகும். ஐக்கிய நாடுகள் அவை 2013ஆம் ஆண்டைப் பன்னாட்டுக் கினோவா ஆண்டாக அறிவித்தது. இன்று சென்னை அங்காடிகளிலும் அது விலையுயர்ந்த பொருளாக விற்கப்படுகின்றது. நம் வயல்களில் தானே முளைக்கும் சக்கரவர்த்திக் கீரையும் அதே பேரினத்தைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறியார்.

கினோவாவின் புகழ் வெறும் புகழன்று. நூறு கிராமில் ஏறத்தாழ 14 கிராம் புரதம் உண்டு. பெரும்பாலான தானியங்களில் குறைந்து காணப்படும் லைசின் என்னும் அமினோ அமிலமும் அதில் போதிய அளவு உள்ளது. சப்போனின் என்னும் கசப்புப் பொருள் நீங்குமாறு நுரை அடங்கும்வரை கழுவி, ஒரு பங்குக்கு இரு பங்கு நீர் விட்டுக் கால்மணி நேரம் வேகவைத்தால் உப்புமாப் போல் உதிரியாக வரும்.

ஆயின், பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் இதனைத் தேடி அலைய வேண்டுமா என்பதே நம் வினா.

வடதமிழகத்து உழைக்கும் மக்களின் பழைய காலையுணவு கேழ்வரகுக் கூழ். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து உண்டு. இது பசும்பாலில் உள்ளதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புரதமோ 7 கிராம் அளவே, லைசினும் குறைவு. அக்குறையை நிறைவு செய்வது உடன் உண்ணும் மீன். ஏரியில் கிடைக்கும் மடவை, இறால் ஆகியவற்றில் லைசின் மிகுதி. நெத்திலிக் கருவாட்டையும் சென்னாக்கூனியையும் முழுதாகவே உண்பதால் சுண்ணாம்புச்சத்து மேலும் கூடுகிறது. கினோவா தனித்துத் தருவதைக் கூழும் மீனும் இணைந்து தருகின்றன.

கூழ் ஆக்கும் முறையிலும் நுட்பம் உண்டு. மாவை முதல்நாள் இரவே நீரில் கரைத்துப் புளிக்க வைப்பர். இதனால் தாதுச் சத்துகளை உடல் ஏற்கவிடாது தடுக்கும் பைட்டேட் குறைகிறது. மறுநாள் நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, புளித்த கரைசலை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி, ஈரக்கையில் ஒட்டாத பதத்தில் இறக்குவர். ஆறியபின் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக் குடிப்பர். இரத்த அழுத்தம் உடையோர் கருவாட்டைத் தவிர்த்துப் புதுமீன் கொள்வதே நன்று.

கூழ் குடிப்பதை வறுமையின் அடையாளமாகக் கருதி நாணும் இளையோரும் உளர். நாணத்தினும் பெரிய தடை விலை. 2011 முதல் அரிசி அட்டைக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது. கேழ்வரகைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முறை தொடங்கப்பெற்றது. கேழ்வரகு விளையாத உவர்நிலமாகிய இக்கரைக்கும் அஃது அப்போதே வந்திருக்க வேண்டும் என்பது எம் கருத்து.