எண்ணெய் ஓவியம் பழகுவோம்: செசானின் கடற்கரை

பிறர் படத்தைப் பார்த்து வரைவது காப்பியடிப்பது ஆகாதா என்று, ஓவியம் பயில விரும்பும் நம் பெங்களூர்த் தமிழ் அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இசை பயில்வோர் குரு பாடிய வரிசைகளைத் திருப்பிப் பாடித்தானே தொடங்குகிறார்கள்? ஓவியமும் அப்படித்தான். புகழ்பெற்ற வான்கோவே 1889-90-இல் மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் பார்த்து, வண்ணத்தில் வரைந்து பழகினார்.

நான் எண்ணெய் வண்ணம் பழகியது பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் ஒரு கடற்கரைக் காட்சியைக் கொண்டு. மார்செய் நகருக்கு அருகிலிருந்த லெஸ்தாக் கிராமத்திலிருந்து தெரியும் வளைகுடாவை அவர் 1885-ஆம் ஆண்டளவில் வரைந்தார். மூலப்படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இம்ப்ரெஷனிஸ்டுகள் நொடிக்கு நொடி மாறும் ஒளியைப் பிடிக்க முயன்றார்கள். செசான் தேடியது மாறாத கட்டமைப்பை. வீடுகள், கடல், மலை, வானம் என்று படம் நான்கு பகுதிகளாகத் தெளிவாகப் பிரிந்து நிற்கும். பழகுவோருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

1. மூலம் ஏறத்தாழ 73 செ.மீ. உயரமும் 100 செ.மீ. அகலமும் கொண்டது. அதில் பாதி அளவு கேன்வாஸ் போதும். அச்சுப் படத்திலும் கேன்வாஸிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் போட்டு, பெரிய உருவங்களை மட்டும் வரையுங்கள். சன்னல்களை எண்ண வேண்டாம்.

2. முதல் பூச்சுக்கு வண்ணத்தை டர்பன்டைனில் மெலிதாகக் கரையுங்கள். அடுத்தடுத்த பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவது. எண்ணெய் மிகுந்த பூச்சு அடியில் இருந்தால், மேல்பூச்சு முந்தி உலர்ந்து வெடிப்பு விடும்.

3. ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நான்கையும் சேர்த்தே வளர்க்க வேண்டும். கடலின் நீலத்தைத் தட்டில் தனியே கலந்து பார்த்தால் மங்கலாகத் தெரியும். செம்மஞ்சள் கூரைக்குப் பக்கத்தில் வைத்ததும் அதே நீலம் சுடர்விடும். ஒரு வண்ணத்தின் மதிப்பை அதன் அண்டை வண்ணமே தீர்மானிக்கிறது. இந்தப் படம் எனக்குக் கற்பித்த பெரிய பாடம் இதுதான்.

4. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். லெஸ்தாக்கின் கடும் வெயிலில் பொருள்கள் நீலமாகவும் சிவப்பாகவும் பழுப்பாகவும் ஊதாவாகவும் தெரிவதாகச் செசான் 1876-இல் ஓவியர் பிசாரோவுக்கு எழுதினார்.

வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணிகளைக் கசக்கிக் குவிக்காமல் விரித்து உலர்த்துங்கள். குவித்தால் தானே தீப்பற்றக்கூடும். டர்பன்டைன் நெடி சேராமல் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

படத்தின் பின்புறம் "செசானைப் பார்த்து வரைந்தது" என்று மறவாமல் எழுதுங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நகலெடுப்போர் மூலத்தின் அதே அளவில் வரைய அனுமதி இல்லை. நகல் நகலாகவே அறியப்பட வேண்டும் என்பதே காரணம்.

நகலோடு நின்றுவிடவும் கூடாது. அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு அல்சூர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். கட்டடங்கள், நீர், எதிர்க்கரை மரங்கள், வானம் என்று அங்கும் நான்கு பகுதிகள் காத்திருக்கின்றன. கடலில்லாத ஊரில் பிறந்த நம் குழந்தைகள் கடல் என்றால் ஒரே நீலப்பட்டை என்று தீட்டுகிறார்கள். இப்படிப் பார்க்கப் பழகியபின், விடுமுறையில் நாகப்பட்டினத்திலோ இராமேசுவரத்திலோ தாத்தா பாட்டியின் கடலைக் காணும்போது, அதில் எத்தனை நிறங்கள் என்று அவர்களே நமக்குச் சொல்வார்கள்.