கிளீன் ரூமுக்குள் போகும் முன்: மெடிக்கல் டிவைஸ் ஆபரேட்டர் வேலைக்கு ஒரு வழிகாட்டி

கடம்பத்தூர், திருவள்ளூர் பக்கத்தில் பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்தவர்கள் கம்பெனி வேலை என்றால், முதலில் கார் உதிரிபாகம் செய்யும் இடங்களைத்தான் நினைப்பார்கள். ஊசி, டிரிப் செட், கதீட்டர் செய்யும் தொழிற்சாலைகளிலும் அதே படிப்புக்கு ஆபரேட்டர் வேலை கிடைக்கும். மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்ய கிராமத்துப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தது. இங்கிலீஷ் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். கைநிதானமும் கண்பார்வையும் ஒழுங்கும்தான் இந்த வேலைக்கு முதல் தகுதி.

விண்ணப்பிக்கும் முன் போக்குவரத்தைக் கணக்குப் போடுங்கள். காக்களூர் சிட்கோ என்றால் திருவள்ளூர் வரை ரயில், பிறகு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. கும்மிடிப்பூண்டி சிப்காட் வேறு ரயில் தடத்தில் இருக்கிறது; பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாற வேண்டும். சிப்காட்டின் மருத்துவச் சாதனப் பூங்கா ஒரகடத்தில் வருகிறது. அங்கே போக சாலை வழிதான். மூன்று ஷிஃப்ட் ஓடும் இடத்தில், இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்ப கம்பெனி பஸ் எந்த ஸ்டாப் வரை வரும் என்பதை இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள்.

அதே இன்டர்வியூவில் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா, அப்ரன்டிஸா? பிஎஃப் பிடிப்பார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2017-ன் மருத்துவச் சாதன விதிகள் சாதனங்களை ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று பிரிக்கின்றன. சிரிஞ்ச் பி வகை, செயற்கை இதய வால்வு டி வகை. ஏ, பி வகைத் தயாரிப்புக்கு மாநில அதிகாரிகளும், சி, டி வகைக்கு மத்திய அமைப்பும் லைசென்ஸ் தருகிறார்கள். ஐஎஸ்ஓ 13485 சான்றிதழும் இருந்தால் பயிற்சி முறையாக நடக்கும் என்று ஓரளவு நம்பலாம்.

வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் பழக வேண்டியது உடை மாற்றும் அறை. அதற்கு அப்பால் இருப்பது கிளீன் ரூம், அதாவது காற்றில் உள்ள துகள்களை எண்ணிக் கட்டுப்படுத்தும் அறை. ஐஎஸ்ஓ கிளாஸ் 8 அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35,20,000-ஐத் தாண்டக் கூடாது. கிளாஸ் 7 என்றால் 3,52,000. இந்தக் கணக்கை அதிகம் கெடுப்பது மனித உடம்புதான்: தோல் செதில், முடி, பேச்சோடு தெறிக்கும் எச்சில். அதனால் தலைப் பூ, பவுடர், மை, விபூதி, குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு, வளையல், கையில் கட்டிய சாமிக் கயிறு எதுவும் உள்ளே போகக் கூடாது. கழற்ற மனமில்லாத தாலி, கயிறு பற்றி முதல் நாளே சூப்பர்வைசரிடம் பேசி அங்குள்ள விதியைத் தெரிந்துகொள்ளுங்கள், மறைத்துக்கொண்டு போகாதீர்கள். உடையை மேலிருந்து கீழாகப் போடுங்கள்: தலைமூடி, மாஸ்க், கவரால், ஷூ உறையான பூட்டி, கடைசியில் கிளவுஸ். கவரால் தரையில் படாமல் சுருட்டிப் பிடித்துக் காலை நுழைக்க வேண்டும். இருமல், சளி, வயிற்றுப்போக்கு, கையில் புண் இருந்தால் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வெளிவேலை தருவார்கள்.

அடுத்தது லைன். டிரிப் செட் ஒட்டும் மேசையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டியூபின் முனையைச் சால்வென்ட்டில் லேசாகத் தொட்டு, கனெக்டருக்குள் அடி முட்டும்வரை நேராகச் செருகிச் சற்றுப் பிடிக்க வேண்டும். சால்வென்ட் கூடினால் உள்ளே வழிந்து துளையை அடைக்கும். குறைந்தால் இழுத்ததும் கழன்று வரும். மணிக்கு இத்தனை என்ற டார்கெட் கண்ணில் நிற்கும்போது கை அரைகுறையாகச் செருகப் பார்க்கும். முதல் மாதம் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரே மாதிரி செருகப் பழகுங்கள், வேகம் தானாக வரும். சால்வென்ட் வாசத்தில் தலைவலி வந்தால் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பேக்கிங்கில் பையின் சீல்தான் உயிர். ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் காற்றுப் புகும் தாள். எத்திலீன் ஆக்சைடு வாயு அந்தத் தாள் வழியாக நுழைந்து கிருமிகளைக் கொல்கிறது. சீலில் ஒரு சுருக்கமோ ஒரு முடியோ இருந்தால், பின்னால் கிருமி நுழைய அதுவே வழி. வெளிச்சத்தில் சாய்த்து நான்கு ஓரங்களையும் பாருங்கள்.

கடைசியில் ஸ்டெரிலைஸ் செய்கிறார்களே, நடுவில் ஏன் இத்தனை கெடுபிடி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாயு கிருமியைக் கொல்லும். தூசியையும் முடியையும் அகற்றாது. செத்த பாக்டீரியாவின் எண்டோடாக்சின் பொருளிலேயே தங்கி, நோயாளியின் ரத்தத்தில் கலந்தால் குளிர் காய்ச்சலை உண்டாக்கும். அதோடு, ஒரு பொருளில் கிருமி இல்லை என்று சோதிக்க அந்தப் பையைப் பிரித்தாக வேண்டும். பிரித்த பொருளை விற்க முடியாது. ஆகவே நோயாளிக்குப் போகும் ஒவ்வொன்றையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதை நம்புவதற்கு இருக்கும் ஆதாரம், அது செய்யப்பட்ட முறையும் நீங்கள் எழுதிய பேட்ச் ரெக்கார்டும்தான்.

ஒரு கனெக்டர் கீழே விழுகிறது. யாரும் பார்க்கவில்லை. அதை எடுத்துத் துடைத்து டிரேயில் போடாமல், கையைத் தூக்குங்கள்.

"அக்கா, ஒரு பீஸ் கீழே விழுந்துடுச்சு."

"சரிம்மா, ரிஜெக்ட் டப்பால போட்டு எண்ணிக்கையில எழுது. கிளவுஸ் மாத்திட்டு உட்காரு."

வேலை அவ்வளவுதான். திட்டு விழும் என்று பயந்து மறைக்கிற பழக்கம் ஒருவருக்கு வந்துவிட்டால் அந்த லைனின் ரெக்கார்டையே நம்ப முடியாது. சொன்னவரைத் திட்டும் சூப்பர்வைசரும் இதில் பங்காளி என்பேன்.

பேட்ச் மாறும்போது லைன் கிளியரன்ஸ் நடக்கும். பழைய லேபிள் ஒன்றுகூட மேசையடியிலோ பிரின்டர் பக்கத்திலோ தங்கக் கூடாது. அது புதிய பையில் ஒட்டிக்கொண்டால் காலாவதித் தேதியே மாறிப்போகும்.

எழுதும்போது பேனாவால், வேலை நடக்கும் அந்த நேரத்திலேயே எழுதுங்கள். தப்பானால் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இடுங்கள். ஒயிட்னர் தொடவே வேண்டாம். உங்களுக்குப் பதில் இன்னொருவரோ, இன்னொருவருக்குப் பதில் நீங்களோ கையெழுத்துப் போடக் கூடாது. ஷிஃப்ட் முடியும் அவசரத்தில், செய்யாத லீக் டெஸ்டுக்கு டிக் போடச் சொல்லி யார் கேட்டாலும் போடாதீர்கள். தரத்தைக் கவனிக்கும் கியூஏ ஆளைக் கூப்பிட்டு, டெஸ்ட் நடக்கவில்லை என்று சொல்லுங்கள்.