எலிக்காய்ச்சலும் உடலின் காவலும்

இராசபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவிலை ஒட்டி ஆற்று நீர் ஓடி வருகிறது. மலையிலிருந்து வரும் நீர் தூயதாயினும், வயலிலும் வாய்க்காலிலும் தேங்கும் நீரில் எலிகளின் சிறுநீர் கலக்கக்கூடும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி அச்சிறுநீரில் வெளிப்படுகிறது. சேற்றில் உழைப்போரின் கால் வெடிப்பு, கீறல் ஆகியவற்றின் வழியே உடலுள் புகுகிறது.

புகுந்த கிருமியை உடல் எவ்வாறு அறிகிறது? இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் சில, தலையாரியைப் போல் காவல் புரிகின்றன. மனித உடலில் இல்லாத, கிருமிகளுக்கே உரிய பொருள்களை அவை தம் மேற்பரப்பிலுள்ள 'ஏற்பிகள்' வாயிலாக உணர்கின்றன. உணர்ந்ததும் பிற அணுக்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. காய்ச்சலும் அச்செய்தியின் விளைவே.

கிருமிகளுள் ஒரு பெரும் பிரிவின் மேலுறையில், கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த பொருள் ஒன்று உண்டு. அதனை அறியும் ஏற்பி, 'டோல் போன்ற நான்காம் ஏற்பி' எனப்படும். இவ்வுண்மையை 1998-இல் வெளியிட்ட புரூஸ் பாய்ட்லர் 2011-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

லெப்டோஸ்பைராவின் உறையிலும் இப்பொருள் உண்டு; எனினும் அதன் அமைப்பு வேறானது. சுண்டெலியின் நான்காம் ஏற்பி அதனை அறிகிறது. மனிதரின் நான்காம் ஏற்பியோ அறிவதில்லை. கிருமியின் வேறு உறைப்பொருள்களை இரண்டாம் ஏற்பி அறிகிறது. ஆயினும், காவலில் ஒரு வாயில் திறந்து கிடப்பதால், கிருமி இரத்தத்தில் பெருகிக் கல்லீரல், சிறுநீரகம், கண் ஆகியவற்றைத் தாக்கக்கூடும்.

1993-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மதுரைப் பகுதியில் பெருவெள்ளம் ஏற்பட்டது. அதன்பின் கண்ணின் உள்ளழற்சியுற்றோர் பலர் அரவிந்த் கண் மருத்துவமனையை நாடினர். அந்நோய்க்கும் லெப்டோஸ்பைராவிற்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சி புலப்படுத்தியது.

உடலின் காவல் குறைந்த இடத்தில் நாம் காவல் நிற்றல் வேண்டும். காலில் புண் உள்ளவர்கள் அதனை மூடிக்கட்டி, இயன்றவரை உயரமான ரப்பர் காலணி அணிந்து சேற்றில் இறங்குவது நலம். வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். தானியத்தை எலி அணுகாவண்ணம் காத்தல் வேண்டும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் காணின், தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையம் சென்று, தாம் வயலில் இறங்கி உழைத்ததை மருத்துவரிடம் கூறவேண்டும். தொடக்கத்திலேயே கொடுக்கும் மருந்து இந்நோயைக் குணப்படுத்த வல்லது.

பஞ்சாயத்துகள் குப்பையை அகற்றி, தேங்கிய நீரை வடித்து, குடிநீர்த் தொட்டிகளில் குளோரின் இட்டு வந்தால், கிராமத்தின் காவல் உறுதிப்படும்.