கூட்டுத் தலைமை

ஓடுபாதை இல்லாத இடத்திலும் இறங்கவல்லது ஹெலிகாப்டர். ஆகையால் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்றும் அதனைப் பயன்படுத்துகின்றன. பல படைகள் ஒரே பணியில் ஈடுபடும்போது கட்டளையிடுபவர் யார்? இவ்வினாவின் விடையைப் பொறுத்தே வீரர்களின் உயிர் அமைகிறது.

1979 நவம்பரில் ஈரானின் தெஹ்ரான் நகரிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. அங்குப் பிணைக்கைதிகளானோரை மீட்க, 1980 ஏப்ரல் 24 அன்று நிமிட்ஸ் என்னும் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. அவை கடற்படைக்கு உரியவை. செலுத்தியோருள் பெரும்பாலோர் மரைன் படையினர். எரிபொருள் கொணர்ந்தவை வான்படை விமானங்கள். மீட்கச் சென்றோர் தரைப்படையினர். இந்நான்கு பிரிவினரும் ஒன்றுகூடி முழு ஒத்திகை செய்ததில்லை.

வழியில் ஒரு ஹெலிகாப்டர் பழுதுற்றுக் கைவிடப்பட்டது. புழுதிப்படலத்தில் தடுமாறிய மற்றொன்று கப்பலுக்குத் திரும்பியது. இறங்குமிடத்தில் வானம் தெளிந்திருந்த செய்தி அதன் விமானிக்கு எட்டவில்லை. வானொலியில் பேசுதல் தவிர்க்கப்பட்டிருந்தது. மூன்றாவது, பாலைவனத்தில் இறங்கியபின் பழுதெனக் கண்டறியப்பட்டது. பணிக்கு ஆறேனும் வேண்டும், எஞ்சியவை ஐந்தே. ஆதலின் பணி கைவிடப்பட்டது. திரும்பும் வேளையில் ஒரு ஹெலிகாப்டர் விமானத்தின்மீது மோத, எண்மர் மாண்டனர்.

பின்னர் ஆராய்ந்த ஹாலோவே குழு, பாலைவனத்தில் கட்டளைப் பொறுப்புத் தெளிவாக இல்லாமையைக் குறையாகச் சுட்டியது. 1987இல் அமெரிக்கா சிறப்புப் படைகளுக்கெனக் கூட்டுத் தலைமையகம் அமைத்தது. பிரிட்டன் 1999இல் முப்படைகளின் போர்க்கள ஹெலிகாப்டர்களை ஒரே தலைமையகத்தின்கீழ்க் கொணர்ந்தது. இந்தியாவில் 2020 ஜனவரி 1 முதல் முப்படைத் தலைமைத் தளபதி பதவி நடைமுறையில் உள்ளது.

கூட்டுத் தலைமை படைகளின் தனித்திறனை அழிப்பதன்று; அத்திறன்களை ஒரே நோக்கில் இணைப்பதாகும். அவ்விணைப்பு களத்தில் திடீரெனத் தோன்றாது. பயிற்சிக் காலத்திலேயே உருவாக வேண்டும்.

சொற்பொருள்
பிணைக்கைதி – கோரிக்கை நிறைவேறும் பொருட்டுப் பிடித்து வைக்கப்பட்டவர்
ஒத்திகை – முன்பயிற்சி
எண்மர் – எட்டுப் பேர்

வினாக்கள்
1. மீட்புப் பணி கைவிடப்பட்டதன் காரணம் யாது?
2. ‘செய்தி எட்டவில்லை’ – இங்கு ‘எட்டவில்லை’ என்பதன் பொருள் யாது?
3. பிரித்து எழுதுக: இவ்வினா, இந்நான்கு, தனித்திறன்.
4. பழுதும் புழுதியும் மட்டுமே தோல்விக்குக் காரணமா? பாடத்தின் துணைகொண்டு ஐந்து வரிகளில் எழுதுக.