உண்ணிக் காய்ச்சல்: காலத்தோடு அறிவோம், காலத்தோடு மருந்தெடுப்போம்

இடம்பெயர்ந்த குடும்பம் புதிய இடத்தில் முதலில் செய்கிற வேலை புதர் வெட்டுவது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்தது. அதன் பின்னரும், ஊவாவின் பல தோட்டங்களில் வீடிழந்த குடும்பங்கள் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கி, காடாகிப்போன தேயிலை மலைகளில் நிலம் திருத்தி, மரக்கறி நட்டு வாழவேண்டியிருக்கிறது. எல்ல, தெமோதர, ஹல்துமுல்லப் பக்கங்களில் மானாப்புல்லுக்குள் விறகு பொறுக்குகிறோம், மாட்டுக்குப் புல் அறுக்கிறோம். அங்கேதான் உண்ணி இருக்கிறது. அது கொண்டுவரும் காய்ச்சலை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. இது என்ன நோய்?

வைத்தியர்கள் இதை டைபஸ் என்பார்கள். நெருப்புக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் டைபொயிட் வேறு. அது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. டைபஸ் பூச்சிக் கடியால் வருவது.

நம் நாட்டில் இதில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று, நாய், மாடு, காட்டு விலங்குகளில் ஒட்டும் உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சல். மலைநாட்டில் இதுவே அதிகம். மற்றது, புதரிலும் எலி நடமாடும் இடங்களிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சுகள் கடிப்பதால் வருவது. யாழ்ப்பாணத்திலும் தாழ்நிலங்களிலும் இது கூடுதல். பதுளை, நுவரெலியா, யாழ்ப்பாணம் ஆகியவை இக்காய்ச்சல் வழக்கமாகப் பதிவாகும் மாவட்டங்கள்.

இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளியைத் தனியே ஒதுக்கவோ, அவருடைய கோப்பை தட்டை விலக்கவோ தேவையில்லை. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் இடத்தில் இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

2. எப்படி அடையாளம் காண்பது?

கடித்த ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் கடும் காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி, உடல் நோவு, மூட்டு நோவு தொடங்கும். கண் சிவக்கலாம். அரையிலோ அக்குளிலோ நெறி கட்டலாம்.

இரண்டு அடையாளங்களை நாமே தேடிப் பார்க்கலாம்:

அ. புள்ளிகள்: காய்ச்சல் தொடங்கிச் சில நாட்களில் உடம்பில் சிவந்த புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பாருங்கள்.

ஆ. கறுத்த பொருக்கு: சுருட்டால் சுட்டதுபோன்ற ஒரு சிறு புண். பெரும்பாலும் நோவு இருக்காது. அக்குள், அரை, இடுப்பில் படங்கு இறுக்கும் இடம், மார்பின் கீழ், முழங்காலின் பின்புறம் ஆகிய மறைவிடங்களில் இருக்கும். இதனால் நோயாளிக்கே தெரியாமற் போகும். கூச்சப்படாமல் வீட்டிலுள்ள ஒருவரைக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

மலைநாட்டு உண்ணிக் காய்ச்சலில் இந்தப் பொருக்கு பலருக்கு வருவதில்லை. ஆகவே பொருக்கு இல்லை என்பதால் நோயும் இல்லை என்று இருந்துவிட வேண்டாம்.

3. ஏன் தாமதிக்கக் கூடாது?

நாட்கூலி போய்விடுமே என்று பெனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே பலர். இரண்டாம் வாரத்தில் நோய் நுரையீரல், மூளை, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கலாம். காது மந்தமாகலாம். உயிரும் போகலாம்.

இரண்டாம் உலகப் போரில் அசாம்–பர்மா எல்லையில் போர்வீரர் பலரை இந்தச் சிற்றுண்ணிக் காய்ச்சல் வீழ்த்தியது. நம் மக்கள் பாடுபட்ட மலாயாத் தோட்டங்களிலும் அது இருந்தது. அன்று மருந்தில்லை. 1948இல் மலாயாவில்தான் முதன்முதலாக ஒரு மருந்து பலன் தந்தது. இன்று மலிவான குளிசைகளால் இதைக் குணமாக்கலாம்.

4. சிகிச்சை

டொக்சிசைக்ளின் என்பதே முதல் மருந்து. வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், நாளுக்கு இரு முறை, ஏழு நாள் வரை கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற அளவை வைத்தியரே தீர்மானிப்பார். பொதுவாகக் கடையில் வாங்கும் அமொக்சிசிலின் இந்நோய்க்கு உதவாது.

சரியான மருந்து தொடங்கினால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்கியதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் முழுவதும் எடுக்க வேண்டும். குளிசையை நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். பாலோடு சேர்த்து எடுக்க வேண்டாம்.

இரத்தப் பரிசோதனை முடிவு வரச் சில நாள் ஆகும். அதனால் வைத்தியர் பெரும்பாலும் நாம் சொல்லும் விபரத்தைக் கொண்டே மருந்தைத் தொடங்குகிறார். “நான் இன்ன இடத்தில் புதர் வெட்டினேன், உண்ணி கடித்தது, இந்தப் புண் இருக்கிறது” என்று நீங்களே சொல்லுங்கள். டெங்கு, எலிக்காய்ச்சல் ஆகியவையும் இப்படித்தான் தொடங்கும். எனவே டிஸ்பிரின், புரூபன் போன்றவற்றைத் தாமாக எடுக்க வேண்டாம்.

காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், பிதற்றல், சிறுநீர் குறைதல் இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

5. தடுப்பது எப்படி?

தடுப்பூசி இல்லை. பழக்கமே பாதுகாப்பு.

• நீண்ட கை, நீண்ட கால் உடுப்பு அணியுங்கள். வெறும் புல்லில் உட்காரவோ, துணி காயப்போடவோ வேண்டாம். குழந்தையைக் கிடத்துவதானால் பாய் விரியுங்கள்.

• வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பை மாற்றி, உடம்பைச் சோதியுங்கள்.

• ஒட்டிய உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பால் சுடவோ, மண்ணெண்ணெய் பூசவோ, நகத்தால் நசுக்கவோ வேண்டாம். பின் அந்த இடத்தைக் கழுவுங்கள்.

• கொட்டகையைச் சுற்றிப் புல்லை வெட்டுங்கள். எலி சேராதபடி தானியத்தை மூடிவையுங்கள். நாய், மாடுகளின் உண்ணியை அகற்றுங்கள்.

கலந்துரையாட:

1. நம் குடியிருப்பில் உண்ணி அதிகமுள்ள இடங்கள் எவை? சிரமதானத்தால் எதைத் துப்புரவாக்கலாம்?

2. கூலி போகும் என்ற பயத்தால் யாரும் வைத்தியசாலைக்குப் போகாதிருக்கிறார்களா? அவர்கள் வீட்டுச் செலவுக்கு நம் சங்கம் என்ன செய்யலாம்?

3. இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் யாருடைய வாகனத்தைக் கூப்பிடுவது? இன்றே தீர்மானித்து எல்லோருக்கும் அறிவியுங்கள்.